சர்க்கரை, பிரஷரைத் தடுக்க ஒரு தெருக் குழு: நூறு வீடுகளுக்கு ஆறு மாத வேலைத் திட்டம்

பள்ளிக்கூடத்தில் பந்தல் போட்டு, காலையில் முந்நூறு பேருக்குப் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, மதியம் சாப்பாட்டோடு கலைந்துவிடும் மருத்துவ முகாமால் ஊரில் நோய் குறைவதில்லை. அன்று 160/100 காட்டியவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அடுத்த மாதம் அவரைத் தேடிப் போக ஆளில்லை. 2020-ல் தமிழ்நாட்டில் தொற்றா நோய்களைக் கணக்கெடுக்க நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும் மட்டுமே அது கட்டுப்பாட்டில் இருந்தது. மாத்திரை இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்திலேயே இந்த நிலை என்றால், குறை மருந்தில் இல்லை, பின்தொடர்வதில்தான் இருக்கிறது.

நோய் வருவதற்கு முன்பே தடுக்க முடியுமா என்ற கேள்விக்குச் சென்னையிலேயே பதில் கிடைத்திருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரைச் சேர்த்துச் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. சாப்பாடு, நடை இரண்டிலும் விடாமல் வழிகாட்டப்பட்டவர்களில் 39.3 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. எடை பெரிதாகக் குறையாமலேயே இவ்வளவு வித்தியாசம். 'எடை இறங்கவில்லை, எனவே பயனில்லை' என்று மூன்றாம் மாதம் விலகப் பார்ப்பவர்களிடம் சொல்ல வேண்டிய செய்தி இது.

கீழே உள்ளது நூறு வீடுகள் கொண்ட ஒரு தெருவுக்கோ சிற்றூருக்கோ போடப்பட்ட திட்டம். நூறு வீட்டில் 30 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 200 பேர் இருப்பார்கள். ஐந்தாறு பேர் கொண்ட குழு முகம் தெரிந்து பின்தொடரக்கூடிய எண்ணிக்கை அது. ஊராட்சி முழுவதையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொண்டால் பெயர்கள் நோட்டில் தங்கிவிடும், ஆட்கள் நழுவிவிடுவார்கள்.

ஆள் சேர்ப்பதும் அனுமதியும்

மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்து மூன்று பெண்கள், ஆண்களிடம் தயங்காமல் பேசக்கூடிய இரண்டு ஆண்கள், கணக்கு எழுதத் தெரிந்த ஒரு இளைஞர் போதும். முதலில் பார்க்க வேண்டியது துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியரையும், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலரையும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், தன்னார்வலர் வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார், மாத்திரையும் கொண்டுவந்து கொடுக்கிறார். அவர் செய்யும் வேலையை நீங்கள் மறுபடி செய்ய வேண்டாம். ஒரு தன்னார்வலருக்குப் பல தெருக்கள் பொறுப்பு. அவர் வரும் நாளில் பூட்டியிருந்த வீடுகள், வேலைக்குப் போயிருந்த ஆண்கள், மாத்திரையை நிறுத்தியவர்கள் இவர்களைப் பிடித்துக் கொடுப்பதுதான் தெருக் குழுவின் இடம்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் மூன்று விஷயங்களைப் பேசி முடிவு செய்யுங்கள்: எந்தக் கிழமை, எந்த நேரத்தில் ஆட்களை அனுப்பினால் காத்திருக்காமல் பார்க்க முடியும், நீங்கள் கொடுத்தனுப்பும் சீட்டை யார் வாங்குவார், பார்த்தபின் முடிவு உங்கள் நோட்டுக்கு எப்படித் திரும்பி வரும். மூன்றாவதை விட்டுவிட்டால், அனுப்பியவர் போனாரா இல்லையா என்றே தெரியாமல் போகும்.

கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டுக்கொள்வது நல்லது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் எப்படியும் கூட்டம் நடக்கும். தெருவிளக்கு, நடைபாதை, சமுதாயக் கூடத்தின் சாவி என்று பின்னால் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. தீர்மானம் கையில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கெஞ்ச வேண்டியதில்லை.

வாங்க வேண்டியவை

மேல்கையில் கட்டும் தானியங்கி பிரஷர் கருவி ஒன்று. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கையை வைக்கும் உயரம் கொஞ்சம் மாறினாலும் அளவு மாறிவிடும். கருவியோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது. 32 முதல் 42 செ.மீ. வரைக்கான பெரிய பட்டையையும் கட்டாயம் வாங்குங்கள். பருமனான கையில் சிறிய பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷர் இருப்பதாகக் காட்டும். நீளாத ரகத்து இன்ச் டேப் (தையற்கடைப் பழைய டேப் இழுபட்டிருக்கும்), டிஜிட்டல் எடைக் கருவி, இரண்டு நீள நோட்டுகள், கை ஊன்ற உயரமான மேசை, சாய்மானம் உள்ள நாற்காலி. ஐந்தாறாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் இந்தப் பட்டியலில் இல்லாதது வேண்டுமென்றேதான். குத்தும் சிறு ஊசியான லான்செட்டை ஒருவருக்கு ஒன்றாக எடுக்க வேண்டும், துளைக்காத டப்பாவில் போட்டு மருத்துவக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். இரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப், அதன் டப்பா திறந்தே இருந்தால் கெடும், வெயிலில் வைத்தாலும் கெடும். பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினால் 100 இருப்பவருக்கு 200 காட்டும். அதைச் செய்யப் பயிற்சி பெற்றவர்கள் சுகாதாரத் துறையில் இருக்கிறார்கள். யாருக்குச் சோதனை தேவை என்று கண்டுபிடித்து அனுப்புவது மட்டும் உங்கள் வேலை. அதற்கு ஊசி தேவையில்லை, டேப் போதும்.

சத்துமாவு விற்பவர், தனியார் லேப், எண்ணெய்க் கம்பெனி என்று யாராவது 'நாங்கள் ஸ்பான்சர் செய்கிறோம்' என்று வருவார்கள். வாங்க வேண்டாம். குழு அவர்கள் பொருளை விற்கிறது என்ற பேச்சு ஒருமுறை வந்தால் போதும், அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது.

முதல் மாதம்: டேப்பும் நான்கு கேள்விகளும்

சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் முறை, வீட்டு வாசலில் நின்றே போடக்கூடியது. மொத்தம் 100 மதிப்பெண்.

வயது: 35-க்குக் கீழ் 0, 35 முதல் 49 வரை 20, 50-ம் அதற்கு மேலும் 30.
இடுப்புச் சுற்றளவு, பெண்களுக்கு: 80 செ.மீ.க்குக் கீழ் 0, 80 முதல் 89 வரை 10, 90-ம் அதற்கு மேலும் 20.
இடுப்புச் சுற்றளவு, ஆண்களுக்கு: 90-க்குக் கீழ் 0, 90 முதல் 99 வரை 10, 100-ம் அதற்கு மேலும் 20.
உடலுழைப்பு: கடினமான வேலையும் ஒழுங்கான உடற்பயிற்சியும் இருந்தால் 0, இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் 20, இரண்டும் இல்லையென்றால் 30.
பெற்றோருக்குச் சர்க்கரை: யாருக்கும் இல்லை 0, ஒருவருக்கு 10, இருவருக்கும் 20.

60-ம் அதற்கு மேலும் வந்தால் அபாயம் அதிகம். இரத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். 30 முதல் 50 வரை நடுத்தரம்.

ஓர் எடுத்துக்காட்டு. வீட்டில் தையல் மெஷினில் உட்கார்ந்து வேலை செய்யும் 42 வயதுப் பெண். இடுப்பு 92 செ.மீ., அம்மாவுக்குச் சர்க்கரை, தனியாக நடைப்பயிற்சி இல்லை. 20 + 20 + 30 + 10, மொத்தம் 80. வயதையும் அம்மாவையும் மாற்ற முடியாது. அவர் தினமும் நடக்கத் தொடங்கினால் 30 என்பது 20 ஆகும். இடுப்பு 88-க்கு இறங்கினால் 20 என்பது 10 ஆகும். 80 இப்போது 60. இந்தக் கணக்கை அவர் கண்முன்னே, அவருக்குக் கொடுக்கும் பதிவு அட்டையிலேயே போட்டுக் காட்டுங்கள். எந்த இரண்டு எண்கள் தன் கையில் இருக்கின்றன என்று அவருக்கே தெரிந்துவிடும். அரை மணி நேரம் பேசுவதைவிட அது வேலை செய்யும்.

இடுப்பை அளக்கும் இடத்தில்தான் தவறு அதிகம். பாவாடை நாடா கட்டும் இடமோ பேண்ட் பெல்ட் போடும் இடமோ அல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், டேப் தரைக்கு இணையாகச் சுற்றி வர வேண்டும். மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் படியுங்கள். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிப்பவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பேச்சுக் கொடுத்தால் தானாகத் தளரும். பெண்களைப் பெண்களே, வீட்டுக்குள் வைத்து அளக்க வேண்டும்.

சோதனைக்கு அனுப்பியபின் திரும்பி வரும் எண்களைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை என்றால் சர்க்கரைக்கு முந்தைய நிலை, 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை என்றால் 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை, 6.5 முதல் நோய். சாப்பிட்டு எந்த நேரத்தில் என்று இல்லாமல் எடுத்த அளவு 140-க்கு மேல் போனால் நோய் என்று முடிவு கட்டாமல் மறுசோதனைக்கு அனுப்புங்கள். நோய் உண்டா இல்லையா என்று சொல்வது மருத்துவர் மட்டுமே.

பிரஷர் பார்ப்பது

தமிழ்நாட்டில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு இது இருக்கிறது. 200 பேரில் 60 பேருக்கு மேல் எதிர்பாருங்கள். தவறாகப் பார்த்தால் நல்லவரைப் பயமுறுத்துவீர்கள், அல்லது நோயாளியை 'நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்புவீர்கள்.

டீ, காபி, பீடி, சிகரெட், புகையிலை எதுவானாலும் கடைசியாகத் தொட்டு அரை மணி ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் போய்வரச் சொல்லுங்கள். நாற்காலியில் முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை மேசையில், இதயத்தின் உயரத்தில். பட்டை வெறும் தோலில் கட்டப்பட வேண்டும். ரவிக்கைக் கையையோ சட்டைக் கையையோ சுருட்டி இறுக்கினால் அதுவே ஒரு கட்டாகிவிடும். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே பட்டையின் கீழ் ஓரம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள்.

வரிசையில் நிற்க வைத்து, பக்கத்துத் திண்ணையில் உட்கார வைத்து, 'உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்' என்று கேட்டுக்கொண்டே பார்க்கும்போது அளவு 10 வரை தூக்கிக் காட்டும். அதனால் ஒரு மணி நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் பார்க்காதீர்கள்.

140/90 அல்லது அதற்கு மேல் என்றால் வேறொரு நாள் மறுபடி பாருங்கள். அன்றும் அப்படியே என்றால் சீட்டோடு ஆரம்ப சுகாதார நிலையம். மேல் எண் மட்டும் 140 தாண்டினாலும், கீழ் எண் மட்டும் 90 தாண்டினாலும் இதே வழி. 180/110 தொட்டால் அன்றைக்கே அனுப்ப வேண்டும். அதோடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம் எதுவாவது இருந்தால் 108. அங்கே எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்க வைப்பதில் போகும் நேரம் திரும்பி வராது.

அளவை உரக்கச் சொல்லாதீர்கள், அட்டையில் எழுதிக் கையில் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் யாருடைய எண்ணும் போகக் கூடாது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் வீட்டில் 'அந்த அம்மாவுக்குச் சர்க்கரையாமே' என்ற பேச்சு கிளம்பினால், அந்தக் குடும்பம் மட்டுமல்ல, நான்கு வீடுகள் சேர்ந்து கதவைச் சாத்தும்.

சமையலறை: உப்பு பாக்கெட்டில் தேதி

இந்தத் திட்டத்தில் செலவே இல்லாமல் அதிகம் பலன் தருவது இதுதான். ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். நான்கு பேர் வீட்டில் நாளைக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் குறைந்தது 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு, மிக்சர் வெளியில் வாங்குகிறவர்கள் என்றால் அவற்றிலும் உப்பு இருக்கிறது, அதனால் 60 நாள் வந்தால்தான் சரி.

புதுப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று மார்க்கர் பேனாவால் அதன் மேலேயே தேதி எழுதச் சொல்லுங்கள். தீரும் அன்று இன்னொரு தேதி. காலிப் பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். மீன் கழுவ, கோழி கழுவ, காய் ஊற வைக்க, திருஷ்டி சுற்ற எடுக்கும் உப்புக்குத் தனி டப்பா வைக்காவிட்டால் கணக்கு கெடும். விசேஷம், விருந்தாளி வந்த நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் பாக்கெட் 25, 30 நாளில் தீர்ந்தது என்றால் திட்டாதீர்கள். எங்கே குறைப்பது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். வழக்கமாக எளிதில் விடக்கூடியவை: சோறு வடிக்கும்போது போடும் உப்பு, சப்பாத்தி மாவு, மோர், தயிர் சாதத்தில் போடும் உப்பு, சாப்பிடும் இடத்தில் இருக்கும் உப்பு ஜாடி. இவை போனாலே கணிசமாக இறங்கும். அடுத்தது குழம்பு. புளி கூடினால் உப்பும் கூடத்தான் செய்யும். புளியை முதலில் குறைத்தால் உப்பு குறைந்தது நாக்குக்குத் தெரியாது. மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லி, எலுமிச்சை இவை கூடட்டும். ஒரே நாளில் பாதியாக்கினால் வீட்டு ஆண்கள் தட்டைத் தள்ளுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

கல் உப்பு, இந்துப்பு, தூள் உப்பு எல்லாவற்றிலும் இருப்பது சோடியம்தான். இந்துப்புக்கு மாறினால் எவ்வளவும் போடலாம் என்பது தவறு. அயோடின் சேர்க்காத கல் உப்பில் அயோடினும் கிடைக்காது. பொட்டாசியம் கலந்த சோடியம் குறைந்த உப்பு கடைகளில் வருகிறது. பிரஷருக்கு நல்லதுதான், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தைக் கூட்டும் சில பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. குடும்பத்துக்கு ஒரே உப்பு டப்பா என்பதால், வீட்டில் அப்படி ஒருவர் இருந்தாலே வேண்டாம்.

எண்ணெய்க்கும் இதே மாதிரி ஒரு வழி உண்டு. நான்கு பேர் வீட்டுக்கு மாதம் 3 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு நாளைக்குச் சுமார் 23 கிராம் வரும், அது போதுமான அளவு. ரேஷன் பாமாயிலும் இந்த மூன்றுக்குள் அடக்கம். ஒரு பாட்டிலில் 750 மி.லி. அளவில் கோடு போட்டு, திங்கட்கிழமைதோறும் அதுவரை நிரப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமையே பாட்டில் காலி என்றால் எங்கே போனது என்று அவர்களுக்கே தெரியும். பெரும்பாலும் பஜ்ஜி, அப்பளம், மீன் வறுவல். வறுத்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவதை நிறுத்த வேண்டும்.

சோறு பற்றிப் பேசும்போது கவனம் தேவை. ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோ. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் பருப்பு, பயறு, முட்டை, இறைச்சி வகையில் ஒருவருக்கு நாளைக்கு 85 கிராம் என்கிறது. நான்கு பேருக்கு மாதம் பத்துக் கிலோ! பெரும்பாலான வீடுகள் இதன் பக்கத்தில்கூட இல்லை. அதனால்தான் பசிக்குச் சோறு மலை மாதிரி ஏறுகிறது. 'சோறைக் குறை' என்று மட்டும் சொன்னால் நான்கு மணிக்குப் பசித்து வடை சாப்பிடுவார்கள். முதலில் ஏதாவது ஒன்று கூட வேண்டும்: காலையில் பச்சைப்பயறு, மாலையில் கொள்ளு அல்லது தட்டைப்பயறுச் சுண்டல், ஒரு முட்டை, விலை மலிந்த நாளில் மத்தி, நெத்திலி. முருங்கைக்கீரையும் அகத்தியும் பல தெருக்களில் காசில்லாமல் கிடைக்கும். பொரியல் ஒரு கரண்டி என்பது மூன்று கரண்டி ஆனபின் சோறு ஒரு கரண்டி தானாகக் குறையும். தட்டில் முதலில் காய், பிறகு சோறு என்ற வரிசை உதவும்.

கேழ்வரகுக் கூழ், கம்பங்களி, கோதுமைச் சப்பாத்தி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று நம்புகிறவர்கள் அதிகம். நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. ஆனால் எல்லாமே மாவுச்சத்துதான், மையாக அரைத்த கஞ்சி விரைவாகவே சர்க்கரையை ஏற்றும். அளவு முக்கியம். அதேபோல நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும். நாளைக்கு 25 கிராம், அதாவது ஐந்து டீஸ்பூன் என்பது மேல் எல்லை. இரண்டு ஸ்பூன் போட்டு மூன்று டீ குடித்தாலே அது தாண்டிவிடுகிறது. தெரு முனை டீக்கடைக்காரரிடம் பேசி, கேட்காவிட்டால் ஒரு ஸ்பூன், கேட்டால் மட்டும் இரண்டு என்று ஏற்பாடு செய்ய முடிந்தால், அது பத்துக் கூட்டத்துக்குச் சமம்.

நடை

வாரம் 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி. பேச முடியும், பாட முடியாது என்ற வேகம். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் 8 கி.மீ. நடைபாதைகளை அறிவித்துத் தொடங்கியது. பழகியவர்களுக்கு அது நல்லது. புதியவரை முதல் நாளே அவ்வளவு தூரம் நடக்க வைத்தால் முழங்கால் வீங்கி நின்றுவிடுவார். முதல் வாரம் பத்து நிமிடம், பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஐந்தாம் வாரம் அரை மணி வந்துவிடும். தெருவுக்குள்ளேயே 500 மீட்டர் சுற்று ஒன்றை அளந்து, 100 மீட்டருக்கு ஒரு பெயிண்ட் கோடு போடுங்கள்.

பெண்கள் வராததற்குக் காரணம் சோம்பல் அல்ல. காலை ஐந்தரைக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும், ஏழு மணிக்குள் டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். தெருநாய், விளக்கில்லாத முனை, தனியாகப் போனால் வரும் பேச்சு இவையும் உண்டு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியபின் எட்டே முக்காலோ, இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஏழரையோ, எது சரிவரும் என்று அவர்களையே கேட்டு நேரம் வையுங்கள். பத்து நிமிடமாக மூன்று தடவை நடந்தாலும் கணக்குதான். நாற்று நடுபவரும் சித்தாள் வேலை செய்பவரும் ஏற்கெனவே நாள் முழுக்க உடம்பை வருத்துகிறார்கள். அவர்களை நடக்கச் சொல்லி வற்புறுத்தாமல், உப்பு, பருப்பு, புகையிலை பக்கம் கவனம் கொடுங்கள். வாரம் இரண்டு நாள் நாற்காலியில் இருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்வதைப் பத்து முறை, இரண்டு சுற்று எல்லோரும் செய்யலாம்.

180/110-க்கு மேல் உள்ளவர், நடந்தால் நெஞ்சு இறுகுபவர், காலில் புண் உள்ளவர் மருத்துவரைப் பார்த்தபின்தான் நடக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கக் கூடாது. வீடு திரும்பியதும் விரலிடுக்கு, குதிகால் பார்க்க வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நடந்தால் வியர்த்து, நடுங்கி, தலை சுற்றி விழ வாய்ப்புண்டு. நினைவிருக்கும்போதே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, கால் மணி நேரம் உடன் இருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

கூட்டம்

பதினைந்து நாளுக்கு ஒன்று, ஆறு மாதத்தில் பன்னிரண்டு. ஒரு கூட்டத்தில் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். அதிகம் வந்தால் இரண்டாகப் பிரியுங்கள். நாற்பது நிமிடம் போதும்: பத்து நிமிடம் எடை, பத்து நிமிடம் போனமுறை சொன்னது நடந்ததா, நடக்கவில்லை என்றால் எது தடுத்தது, கால் மணி நேரம் ஒரே ஒரு விஷயம், கடைசியில் ஒவ்வொருவரும் அடுத்த இரண்டு வாரத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். 'நல்லா சாப்பிடுவேன்' என்றால் ஏற்காதீர்கள். 'சாயங்காலம் டீயில் ஒரு ஸ்பூன் குறைப்பேன்' என்பதுபோல எண்ண முடிந்ததாக இருக்கட்டும். உடல் பருமன் உள்ளவருக்கு ஆறு மாத இலக்கு, எடையில் 5 முதல் 7 சதவீதம். 70 கிலோ என்றால் மூன்றரை முதல் ஐந்து கிலோ.

மாமியாரும் சமைக்கும் மருமகளும் ஒரே கூட்டத்தில் இருக்கும்படி பாருங்கள். அறிவுரை ஒருவருக்கும் கரண்டி இன்னொருவருக்கும் என்று இருந்தால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

ஆண்கள் கூட்டத்துக்கு வர மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். ஆட்டோ ஸ்டாண்ட், சலூன், டீக்கடை பெஞ்ச், ஞாயிறு காலை கறிக்கடைப் பக்கம், அங்கே கருவியோடு போங்கள். டீ குடிப்பதற்கு முன் பிடிக்க வேண்டும், குடித்துவிட்டால் அரை மணி காத்திருக்க வேண்டும். பீடி, சிகரெட், ஹான்ஸ் விட நினைப்பவருக்கு 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணை எழுதிக் கொடுங்கள். முதல் மூன்று நாள்தான் கடினம் என்பதையும், அந்த நாட்களில் யார் கூட இருப்பார் என்பதையும் முன்பே பேசி வைக்க வேண்டும்.

நோட்டு

ஒருவருக்கு ஒரு வரி: பெயர், வயது, வீடு, அபாய மதிப்பெண், இடுப்பு, பிரஷர், சோதனைக்குப் போன தேதி, முடிவு, மாத்திரை உண்டா, அடுத்து பார்க்க வேண்டிய தேதி. கடைசிக் கட்டம்தான் உயிர். மாதத்தின் முதல் ஞாயிறன்று குழு உட்கார்ந்து, தேதி தாண்டிய பெயர்களை மட்டும் சிவப்பில் சுழித்து, ஆளுக்கு ஐந்தாகப் பிரித்துக்கொண்டு அந்த வாரத்துக்குள் வீட்டுக்குப் போக வேண்டும்.

மாத்திரையை நிறுத்தியவர்கள் சொல்லும் காரணங்கள் நான்கைந்துதான். 'நார்மல் ஆயிடுச்சு' என்பது முதலிடம். மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மல் என்பதை அவருடைய பழைய அட்டையில் முன்னும் பின்னும் உள்ள எண்களைக் காட்டி விளக்குங்கள். 'கிட்னி போயிடும்' என்பது இரண்டாவது. கட்டுப்படாத பிரஷரும் சர்க்கரையும்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. ஊருக்குப் போனேன், தீர்ந்துபோச்சு என்பவருக்குப் பயணத்துக்கு முன் கூடுதல் மாத்திரை வாங்கிக்கொள்ள நினைவூட்டினால் போதும். கால் வீங்குகிறது, இருமல் நிற்கவில்லை என்பவர் உண்மையிலேயே பக்க விளைவில் இருக்கலாம். மாத்திரையை மாற்ற வழியுண்டு, மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நாட்டு மருந்துப் பொடி சாப்பிடுகிறேன் என்பவரிடம் வாதம் செய்யாமல், பொடியோடு மாத்திரையையும் நிறுத்தாமல் தொடரச் சொல்லி, இரண்டையும் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

ஆறாம் மாத முடிவில் எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள் என்பதை எண்ணிப் பெருமைப்படுவதில் பொருளில்லை. நான்கு எண்கள் போதும். முதல் மாதம் 140/90 தாண்டியவர்களில் எத்தனை பேர் இப்போது அதற்குக் கீழே. அபாய மதிப்பெண் 60 தாண்டியவர்களில் எத்தனை பேர் இரத்தச் சோதனை செய்துகொண்டார்கள். இடுப்பு குறைந்தவர்கள் எத்தனை பேர். உப்பு பாக்கெட் சராசரியாக எத்தனை நாள் வருகிறது. ஒவ்வொன்றிலும் அந்தக் கணக்கில் முதலில் நோட்டில் ஏறிய எல்லோரையும் வகுக்கும் எண்ணாக வையுங்கள். பாதியில் நின்றவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் எந்தத் திட்டமும் வெற்றிதான். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமும் அடுத்த கிராம சபையிலும் கொடுங்கள்.

சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுசோதனை தேவை. அவர்கள் பெயருக்கு நேரே அடுத்த ஆண்டுத் தேதியை இப்போதே எழுதிவிடுங்கள். நோட்டு எழுதுகிறவர் வேலைக்கோ கல்யாணமாகியோ வெளியூர் போவதற்கு முன், இன்னொருவரை இரண்டு மாதம் பக்கத்தில் உட்கார வைத்து எழுதப் பழக்கிவிடுங்கள்.